அக்கா நடத்திய காலேஜ்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் ஒரு பேச்சு வராமல் போகாது. "நமக்கெல்லாம் அப்ப எடுத்துச் சொல்ல ஆளே இல்லீங்க. இருந்திருந்தா எங்கயோ போயிருப்போம்." போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த பழைய வகுப்புத் தோழியும் இதையேதான் சொன்னாள். வரிசையாக எல்லாரும் தலையாட்டினார்கள். நான் மட்டும் ரசத்தைப் பிசைந்துகொண்டிருந்தேன். எனக்கு ஆள் இருந்தது. அதுதான் என் கோளாறு.

எங்கள் பள்ளியில் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்கு எந்தப் படிப்பு, எந்தக் கல்லூரி என்று வழிகாட்டும் பொறுப்பு சில வருடங்களாக என் தலையில்தான். மே மாதம் வந்தால் வாசலில் வண்டி நிற்கும். அப்பாக்கள் உட்கார்ந்ததும், "எதைப் படிச்சா உடனே வேலைங்க டீச்சர்?" என்பார்கள். அம்மாக்கள், "ஹாஸ்டல்ல சோறு நல்லா இருக்குங்களா?" என்பார்கள். பிள்ளை போனைப் பார்த்துக்கொண்டிருக்கும். நான் பிள்ளையைப் பார்த்துத்தான் பேசுவேன். பெற்றவர்களைப் பார்த்துப் பேசினால் எனக்குக் கோபம் வந்துவிடும், கூடவே சர்க்கரையும் ஏறும்.

இந்த வேலையை ஏன் இப்படித் தலையில் போட்டுக்கொண்டு அலைகிறாய் என்று என் வீட்டுக்காரர் கேட்பார். நான் சொன்னதில்லை. சொல்வதற்குப் பாதிக் கதைதான் என்னிடம் இருந்தது. மீதிக் கதை இந்த மே மாதம்தான் காரில் வந்து இறங்கியது.

முதல் பாதியைச் சொல்கிறேன். வெண்ணந்தூருக்கு வெளியே தோட்டத்தில் எங்கள் வீடு. வரப்பைத் தாண்டினால் பெரியப்பா வீடு. அவருக்கு போர்வெல் லாரித் தொழில். வருடத்தில் பாதி நாள் ஆந்திரா, கர்நாடகம் என்று வண்டியோடு சுற்றுவார். அவர் மகள்தான் நான் சொல்லப்போகும் அக்கா. என்னைவிட இரண்டு வயது பெரியவள். எங்கள் இரண்டு வீட்டிலும் காலேஜ் வாசலை முதலில் மிதித்தவள் அவள்தான். கோயமுத்தூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். நான் பிளஸ் டூ பரீட்சை எழுதி முடித்த அந்தக் கோடையில், இரண்டாம் வருடம் முடித்துவிட்டு லீவுக்கு வந்தாள். சுடிதார் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினாள். எங்கள் பக்கம் அதற்குமுன் அதைக் காலண்டரில்தான் பார்த்திருந்தோம்.

எனக்கும் அந்தக் கல்லூரிக்கே போக வேண்டும். கெமிஸ்ட்ரி படிக்க வேண்டும். ஏன் கெமிஸ்ட்ரி என்றால், எங்கள் தோட்டத்துக்கு மேற்கே ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலை ஒன்று இருந்தது. குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியை, அரைத்த பால் முதலில் அழுக்குப் பழுப்பாக ஓடும். தொட்டியில் என்னத்தையோ ஊற்றுவார்கள். மறுநாள் பார்த்தால் வெள்ளைவெளேரென்று மாவு படிந்து கிடக்கும். அந்தப் புளித்த நாற்றத்திலேயே பிறந்து வளர்ந்ததால் எங்களுக்கு நாற்றமே தெரியாது. வெளியூர் விருந்தாளி மூக்கைப் பொத்தினால்தான் ஞாபகம் வரும். ஆலைத் தண்ணீர் இறங்கி எங்கள் கிணற்றில் ஒரு பக்கத்து ஊற்று மட்டும் மஞ்சளாகிப் போயிருந்தது. எதிர்ப்பக்கத்து ஊற்று பளிங்கு மாதிரி இருக்கும். ஏன் ஒரு பக்கம் மட்டும் என்று அப்பாவைக் கேட்டால், "ஆலைக்காரனைப் போயிக் கேளு" என்பார். எனக்கு அது தெரிந்தாக வேண்டும். என் ஆசை அவ்வளவுதான். நாட்டைத் திருத்துவதற்கெல்லாம் இல்லை, எங்கள் கிணற்றைத் தெரிந்துகொள்வதற்கு.

"நீயும் வா புள்ள, நானே உன்னையத் தயார் பண்றேன்" என்றாள் அக்கா. அப்படித்தான் எங்கள் மோட்டார் ரூமில் காலேஜ் தொடங்கியது.

மூணு பேஸ் கரண்ட் இருக்கும்வரை மோட்டார் ஓடும், பேச முடியாது. கரண்ட் போனதும் வகுப்பு. உள்ளே ஆயில் வாசனை, வெளியே தொட்டியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். அக்கா ஸ்டார்ட்டர் பெட்டிக்குக் கீழே சாக்கை விரித்து உட்காருவாள். நான் எதிரே.

முதல் பாடம் வாளி. ஹாஸ்டலில் குளிக்க வரிசை உண்டு, வாளியை வரிசையில் வைத்துவிட்டு நகர்ந்தால் பின்னால் தள்ளிவிடுவார்கள், அதனால் வாளியோடு ஆளும் நிற்க வேண்டும் என்றாள். நிறைந்த வாளியைத் தூக்கிக்கொண்டு தொட்டியைச் சுற்றி நடக்க வைத்தாள். "தளும்பக் கூடாது. அங்க தரை வழுக்கும். உழுந்தா வரிசையே சிரிக்கும்."

அப்புறம் பேச்சு. "அங்க போயி 'ஏனுங்க, வாரனுங்க'ன்னீன்னா தொலைஞ்சே. 'எஸ் மேடம்', 'நோ மேடம்', அவ்வளவுதான். மத்ததுக்குச் சிரிச்சுக்கோ." நான் எங்கள் எருமையிடம் பழகினேன். அது வழியில் படுத்திருந்தால், "எக்ஸ்கியூஸ் மீ மேடம்" என்பேன். அம்மா கேட்டுவிட்டு, "அதென்ன அதுக்கு மட்டும் இத்தனை மரியாதை, என்னைய ஒரு நாளாவது கேட்டியா?" என்றாள்.

தலையில் எண்ணெய் வழியக் கூடாது. சோற்றைப் பிசைந்து உருட்டக் கூடாது. சீனியர் பாடச் சொன்னால் பக்திப் பாட்டுப் பாடக் கூடாது. சினிமாப் பாட்டு ஒன்று தயாராக இருக்க வேண்டும். பெரியப்பா வீட்டுக் களத்தில், கடலைக்காய் காயப் போட்ட ஓரமாக, அக்காவின் குதிகால் செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்து பழகினேன். கூலிக்கு வந்திருந்த பெண்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். "சாமி, உழுந்துபோட்டு எங்க மேல பழியப் போட்றாதீங்க" என்றாள் ஒருத்தி.

பாடம் முடிந்தால் கதை. மொட்டை மாடியில் நிலா வெளிச்சத்தில் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து பேசுவார்களாம். சனிக்கிழமை பொது அறையில் டிவியில் படமாம். லைப்ரரியில் நீள மேசையாம், தலைக்கு மேல் ஃபேன் சுற்றினாலும் பக்கம் புரளாத கனமான புத்தகங்களாம். அக்காவுக்கு ஊட்டியிலிருந்து ஒரு தோழி. லீவுக்குப் போய்விட்டு வரும்போதெல்லாம் டப்பா நிறைய மொறுமொறு வர்க்கி கொண்டு வருவாளாம். அக்காவின் கட்டிலில் உட்கார்ந்துதான் அதைப் பிரிப்பாளாம். எனக்கு அந்த ஊட்டிக்காரியை அவ்வளவு பிடித்துப்போனது. நான் வந்தால் எனக்கும் வர்க்கி உண்டா என்று கேட்டேன். "உனக்கு இல்லாமயா?" என்றாள் அக்கா.

அம்மா சந்தையில் எனக்கு ஒரு நீல வாளி வாங்கினாள். ஹாஸ்டலில் வாளி மாறிப்போகும், பேர் எழுத வேண்டும் என்று அக்கா சொன்னதால், பெரியப்பாவின் லாரிக்குப் பெயின்ட் அடிக்கும் ஆளிடம் கொடுத்தோம். அவருக்கு லாரிக்கு எழுதித்தான் பழக்கம். மஞ்சளில் நிழல் விழுகிற மாதிரி என் பேரைக் கொட்டை எழுத்தில் எழுதி, இரண்டு பக்கமும் தாமரை வரைந்து, கீழே ஒரு சிவப்புக் கோடும் இழுத்துக் கொடுத்தார். பின்னால் வருகிறவர்களை ஹாரன் அடிக்கச் சொல்லி எழுதாததுதான் பாக்கி. அக்கா அதைப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கு வாளியைப் பார்க்கப் பார்க்கப் பெருமையாக இருந்தது.

மார்க் வந்தது. நல்ல மார்க். கல்லூரியிலிருந்து நேரில் வரச்சொல்லிக் கார்டும் வந்தது. தபால்காரர் கையிலிருந்து வாங்கிய வேகத்தில் வரப்பில் ஓடி அக்காவிடம் காட்டினேன். அவள் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எந்த ஹாஸ்டல் ப்ளாக்குன்னு போட்டிருக்காங்களா?" என்று மட்டும் கேட்டாள். போடவில்லை. அன்றைக்குத் தலைவலி என்று வகுப்பு இல்லை.

அப்பாவுக்கு என்னை அனுப்ப மனமில்லை. கெட்ட மனிதர் இல்லை அவர், பயந்தவர். "கோயமுத்தூர்ல நமக்கு ஆரைத் தெரியும்? ஒரு அவசரம்னா ஆரு ஓடுவா? ராசிபுரத்துப் பக்கம் டீச்சர் ட்ரெய்னிங் இருக்குது. ரெண்டு வருசம். காலைல போயிட்டு சாயங்காலம் ஊடு வந்தறலாம்." அம்மா என் பக்கம். "அவ அக்காதான் அங்கயே இருக்கறாளே. ரெண்டும் ஒரே ஹாஸ்டல்ல இருந்துட்டுப் போவுது." அக்கா அப்போது எங்கள் வீட்டில்தான் இருந்தாள். "ஆமாங் சித்தி, நான் பாத்துக்கறனுங்க" என்றாள். என் காதால் கேட்டேன்.

கடைசியில் அப்பா, "பூ கேட்டுப் பாத்தறலாம்" என்றார்.

எங்கள் பக்கம் கிணறு வெட்டுவதென்றாலும், பெண் எடுப்பதென்றாலும், லாரி வாங்குவதென்றாலும் குலதெய்வத்திடம் பூ கேட்பார்கள். உங்களில் பல பேருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரே அளவில் இரண்டு பொட்டலம். ஒன்றில் வெள்ளை அரளி, ஒன்றில் சிவப்பு அரளி. பூவரச இலையில் மடித்து வாழைநாரில் கட்டி அம்மன் காலடியில் வைப்பார்கள். எடுத்த பொட்டலத்தில் வெள்ளை இருந்தால் உத்தரவு. சிவப்பு இருந்தால் இல்லை. அதற்குமேல் பேச்சே கிடையாது. எடுக்காத பொட்டலத்தை எங்கள் கோயிலில் பிரிக்க மாட்டார்கள். பிரித்துப் பார்த்தால் சாமியைச் சந்தேகப்பட்டதாகிவிடும். அப்படியே கொண்டுபோய்த் தண்ணீரில் விட்டுவிட வேண்டும்.

"வெள்ளை வந்தா நானே பொட்டியத் தூக்கிட்டு வந்து உட்டுட்டு வாரேன். போதுமா சாமி?" என்றார் அப்பா என்னிடம். போதும் என்றேன். எனக்குச் சந்தேகமே இல்லை. நான் யாருக்கும் கெடுதல் நினைக்காதவள், வெள்ளைதான் வரும்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அப்பா, அம்மா, நான், அக்கா நாலு பேரும் பஸ் ஏறிக் கோயிலுக்குப் போனோம். பொட்டலம் கட்டுவது கல்யாணமாகாத பெண்ணாக, காலையில் தலைக்குக் குளித்தவளாக இருக்க வேண்டும். "நான் கட்டறனுங் சித்தப்பா" என்று அக்காவே முன்னால் வந்தாள். எனக்குச் சந்தோஷம். எனக்காக என்னைவிட ஆசைப்படுகிறவள் கையால் கட்டுவதைவிட வேறென்ன வேண்டும்? மண்டபத்துத் தூணுக்குப் பின்னால் போய்க் கட்டிக்கொண்டு வந்தாள். பூசாரி இரண்டையும் தட்டில் போட்டுக் குலுக்கி, அம்மன் காலடியில் வைத்துத் தீபம் காட்டினார். "ஆருக்குப் படிப்போ அவங்களே எடுக்கட்டுமுங்க" என்றார்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். சூடமும் எண்ணெய்ப் பிசுக்கும் கலந்த வாசனை. வலது கையை நீட்டினேன். முதலில் ஒன்று விரலில் பட்டது. ஏனோ அதை விட்டுவிட்டு அடுத்ததை எடுத்தேன். பூசாரி நாரைப் பிரித்தார். சிவப்பு.

"உத்தரவு இல்லீங்க" என்றார் அப்பாவிடம்.

அந்த முதல் பொட்டலத்தை ஏன் விட்டேன்? விரலில் பட்டதையே எடுத்திருக்கலாமே. இந்தக் கேள்வியை நான் எத்தனை வருடம் கேட்டுக்கொண்டேன் என்று உங்களுக்குத் தெரியாது. அக்கா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். நிஜமான கண்ணீர்தான், என் தாவணி நனைந்தது. மீதிப் பொட்டலத்தை அவளே கொண்டுபோய்க் கோயில் கிணற்றில் விட்டாள். அப்பா முகம் கழுவ என்று கிணற்றடிக்குப் போனவர் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். திரும்பி வந்து என்னைப் பார்க்காமல், "சாமி சொல்லிருச்சு. நாம என்ன பண்றது?" என்றார்.

பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது நுங்கு வாங்கினார். தானே கட்டைவிரலால் குத்தி எடுத்து எடுத்து என் கையில் வைத்தார். அதற்கு முன்னும் பின்னும் அவர் எனக்கு அப்படி ஊட்டாத குறையாகக் கொடுத்ததில்லை. நான் அழுதுகொண்டே தின்றேன். எவ்வளவு பாசம் என்று நினைத்தேன்.

வாளி மாட்டுக் கொட்டாய்க்குப் போனது. எருமை தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் என் பேரும் இரண்டு தாமரையும் தெரியும். கொஞ்ச வருடத்தில் அடி உடைந்தது. அப்புறம் சாணி அள்ளினார்கள். அப்புறம் எங்கே போனதென்று தெரியவில்லை.

அக்காவும் மூன்றாம் வருடம் காலேஜுக்குப் போகவில்லை. நல்ல இடம் வந்தது என்று அடுத்த தையிலேயே எடப்பாடிப் பக்கம் தறி வைத்திருந்த வீட்டுக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். பாவம், பாதியில் நிறுத்திவிட்டார்களே என்று அவளுக்காகவும் நான் அழுதேன்.

நான் டீச்சர் ட்ரெய்னிங் படித்தேன். பிறகு தபால் வழியில் தமிழ் படித்துப் பட்டம் வாங்கினேன். தபாலில் லேப் வராதே, அதனால் தமிழ். வேலை கிடைத்தது, கல்யாணம் நடந்தது, ஒரு பையன். கெட்டுப்போன வாழ்க்கை என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் என் வலது கையை நான் நம்பவில்லை. பள்ளியில் சீட்டுக் குலுக்கிப் போட்டு, "நீங்க எடுங்க டீச்சர்" என்றால் கையைப் பின்னால் கட்டிக்கொள்வேன். என் கல்யாணப் பட்டுச் சேலையை மாமியார் எடுத்தார். வீட்டு மனையை வீட்டுக்காரர் எடுத்தார். பையன் கல்யாணத்துக்கு ஜவுளிக்கடையில் சம்பந்தியம்மா ஒரு மலை அளவுக்குச் சேலையைக் கொட்டிவிட்டு, "நீங்களே ஒண்ணு எடுங்க" என்றபோது எனக்கு வியர்த்துவிட்டது. "உங்களுக்குப் புடிச்சா எனக்கும் புடிச்சதுதானுங்க" என்றேன். எவ்வளவு பெரிய மனசு என்று ஊரெல்லாம் சொன்னார்கள். மனசும் இல்லை, மண்ணும் இல்லை. என் கை பட்டால் சிவப்பு வரும் என்ற பயம்.

இனி மீதிக் கதை. இந்த மே மாதம் ஒரு நாள் காலை, அக்கா காரில் வந்து இறங்கினாள். கூடவே அவள் கடைசி மகள். ரொம்ப வருடம் கழித்துப் பிறந்தவள், அந்த வீட்டுக்கே செல்லம். பிளஸ் டூ முடித்திருந்தாள். துணிக்கு டிசைன் போடும் படிப்பு, சென்னையில். நுழைவுத் தேர்வு எழுதி இடமும் கிடைத்துவிட்டது. பிறந்ததிலிருந்து தறிச் சத்தத்தில் தூங்கிய பிள்ளை. போனில் தான் வரைந்த சேலைக் கரைகளை எனக்கு ஒவ்வொன்றாகக் காட்டினாள். மயிலும் அன்னமும் இல்லாமல் கடலைச் செடி, போர்வெல் லாரி, குச்சிக்கிழங்கு இலை என்று இருந்தது. எனக்கு ரொம்பப் பிடித்தது. சேர்வதா வேண்டாமா என்று அன்றைக்குள் சொல்லியாக வேண்டுமாம். யாரோ தோழி கூப்பிட, போனோடு வாசலுக்குப் போனாள்.

நான் டீக்கு இஞ்சி தட்டிக்கொண்டிருந்தேன். அக்கா சமையலறைக்கு வந்து என் காதோடு சொன்னாள். "நீ ஒரு ஒதவி பண்ணோணும் புள்ள. அந்தப் படிப்புக்கு இப்ப மவுசு இல்லைன்னு சொல்லிப்போடு. பக்கத்துலயே ஒரு காலேஜ்ல கம்ப்யூட்டர் படின்னு சொல்லு. நாஞ் சொன்னா சண்டைக்கு வாரா. டீச்சர் சொன்னா நம்புவா."

"அது நல்ல படிப்புத்தானே அக்கா?"

"நல்ல படிப்பு இல்லைன்னு ஆரு சொன்னா? அத்தனை தூரம் அனுப்பறதுக்கு எங்களுக்கு மனசு வல்லை. சும்மா ஒரு பொய்யி, ஒண்ணும் ஆயிராது. உன்னையெல்லாம் ஒரு பூவுல நிறுத்திப்போட்டோம். இப்பத்த புள்ளைங்ககிட்டப் பூவு கீவெல்லாம் செல்லுமா?"

"நிறுத்திப்போட்டீங்களா?"

அவள் சிரித்தாள். அந்தக் காலத்தில் வாளியைப் பார்த்துச் சிரித்த அதே சிரிப்பு. "ஏம்புள்ள, இன்னுமா உனக்குத் தெரியாது? ரெண்டு பொட்டலத்துலயும் செவப்புத்தான் வெச்சேன். உங்கப்பா சொல்லியிருப்பாருன்னு நெனச்சேன்."

என் கை இஞ்சியிலேயே நின்றுவிட்டது. "அப்பாவுக்குத் தெரியுமா?"

"கெணத்துல உட்டேன்ல, நாரு அவுந்துபோயிருச்சு. பூவு மெதக்குது. சித்தப்பா பாத்துப்போட்டாரு. நாஞ் செத்தேன்னு நெனச்சேன். அவரு ஒண்ணுமே கேக்கலை. துண்டுல மூஞ்சியத் தொடச்சுக்கிட்டு, 'வா சாமி, பஸ்ஸு போயிரும்'னாரு. அதோட செரி. சித்திக்குத்தான் பாவம், கடைசி வரைக்கும் தெரியாது."

ஏன் என்று கேட்டேன். அப்போதுதான் அவள் சிரிப்பு கொஞ்சம் இறங்கியது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அங்க எனக்கு ஒருத்தியும் பேச மாட்டா. வாயத் தொறந்தாச் சிரிப்பாங்க. வாளியக் காலால தள்ளுவாங்க. தட்டுல சோத்தை வாங்கிக்கிட்டு ரூமுக்குப் போயி ஒண்டியா உக்காந்து தின்னேன். முக்கால்வாசிப் பேப்பரு பெயிலு. நம்ம ஊட்டுல எல்லாருங்கிட்டயும் ராணியாட்டம் இருக்கறேன்னு சொல்லிவெச்சிருந்தேன். நீ வந்து பாத்தீன்னா என்ற மானம் என்னாவறது?"

"ஊட்டிக்காரத் தோழி?"

"எந்த ஊட்டிக்காரி?" என்றாள். பிறகு ஞாபகம் வந்து, "அதெல்லாம் சும்மா புள்ள" என்றாள்.

நான் அடுப்பை அணைத்தேன். எனக்கு எதற்கு முதலில் கோபப்படுவதென்று தெரியவில்லை. மோட்டார் ரூமில் அவள் சொல்லிக்கொடுத்த ஒவ்வொன்றும் அவள் அடிபட்ட இடம் என்று அப்போதுதான் புரிந்தது. வாளி, எண்ணெய், சோறு, பேச்சு, எல்லாம். ஹாஸ்டலில் ஒண்டியாகத் தின்ற அந்தப் பெண்ணுக்காக எனக்கு வருத்தம்தான், பொய் சொல்லவில்லை. ஆனால் வேண்டாம் என்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதுமே. வேறு கல்லூரிக்குப் போயிருப்பேன். இல்லை, அதே கல்லூரிக்குப் போய் அவள் பக்கத்தில் தட்டோடு உட்கார்ந்திருப்பேன். நான் இருந்திருந்தால் அவள் ஒண்டியாகத் தின்றிருக்க வேண்டியதில்லை. இதை அவளிடம் சொன்னேன்.

"அப்பத் தோணலை புள்ள" என்றாள். உடனே, "இப்ப உனக்கு என்ன கொறைஞ்சுபோச்சு? கவருமெண்டு சம்பளம், சொந்த ஊடு, மருமகளும் வந்தாச்சு" என்றாள்.

இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. என்ன குறைஞ்சுபோச்சு? பறிகொடுத்தவள் பட்டினி கிடக்கவில்லை என்றால் திருட்டு திருட்டில்லையா? அதுவும் எதை வைத்து? அவள் கட்டினாள், அப்பா பார்த்தார், எடுத்தது மட்டும் என் கை. பழி முழுக்க என் கைக்கு. அப்பா கடைசியில் படுத்திருந்தபோது இந்தக் கையால்தான் கஞ்சி புகட்டினேன். "உன்ற கையில குடுத்தாத்தான் எனக்கு எறங்குது சாமி" என்பார். அந்தக் கையைப் பற்றி அவருக்குத் தெரிந்ததை மட்டும் சொல்லவில்லை. எத்தனை நாள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். "அன்னைக்கு ரெண்டும் செவப்புத்தான்" என்று ஒரு வரி. சொல்லியிருந்தால் அழுதிருப்பேன், அவரையே திட்டியிருப்பேன், அடுத்த வேளைக்கு மறுபடி கஞ்சி வைத்திருப்பேன். நுங்கு வாங்கிக் கொடுத்தாராம் நுங்கு.

அக்காவுக்கு என் முகம் புரியவில்லை. "டீ ஆறுது புள்ள" என்று அவளே டம்ளரில் ஊற்றிக்கொண்டாள். "அப்ப, அவகிட்டச் சொல்லிருவேல்ல?"

மூன்று பேரும் முன்னறையில் உட்கார்ந்தோம். பிள்ளை போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு நேராக என்னைப் பார்த்தாள். என்னிடம் வரும் பிள்ளைகளில் போனைக் கவிழ்த்து வைத்தவர்கள் குறைவு.

"நீங்க சொல்றதைத்தானுங் சித்தி நான் கேக்கப்போறேன். போலாமா, வேண்டாமா?"

அக்கா டம்ளருக்கு மேலாக என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள்.

நான் பதில் சொல்வதற்குள் பிள்ளையே இன்னொன்றும் கேட்டாள். "எல்லாருக்கும் காலேஜுக்கு வழி சொல்றீங்க. நீங்க மட்டும் ஏன் சித்தி ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கலை? நல்ல மார்க்குன்னு அம்மா சொல்லுவாங்க."

"சித்திக்குச் சாமி உத்தரவு குடுக்கலை கண்ணு" என்றாள் அக்கா, எனக்கு முந்திக்கொண்டு. குரலில் ஒரு பிசிறு இல்லை. "பூ கேட்டோம். செவப்பு வந்துருச்சு."

"வெள்ளைப் பூவு இருந்தாத்தானே வெள்ளை வரும்?" என்றேன். "உங்கம்மாதான் பொட்டலம் கட்டுனா. ரெண்டுலயும் செவப்பு வெச்சா. நான் எதை எடுத்திருந்தாலும் அதுதான். இப்ப உன்ற படிப்பு நல்லதில்லைன்னு என்னையச் சொல்லச் சொன்னதும் அவதான். அது நல்ல படிப்பு. நீ போ."

பிள்ளை தன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். "அம்மா?" என்றாள்.

அக்கா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைத்தான் பார்த்தாள். "ஏம்புள்ள, உன்னைய நம்பித்தானே சொன்னேன்" என்றாள்.